காற்றைச் சுமப்பவர் யார்?

ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது நன்கு புலரும் முன்பே ஹூலு லங்காட் சாலையில் மிதிவண்டி விளக்குகள் வரிசையாக நகர்வதைக் காணலாம். கோலாலம்பூர், செராஸ், காஜாங் எனப் பல இடங்களிலிருந்து வருகிறவர்கள் பத்துப் பேர், பதினைந்து பேராகச் சேர்ந்து, சிலாங்கூரும் நெகிரி செம்பிலானும் சந்திக்கும் கெந்திங் பெராஸ் மலையை நோக்கிப் புறப்படுகிறார்கள். ஆசிரியர், தாதி, லோரி ஓட்டுநர், வங்கி ஊழியர், பணி ஓய்வு பெற்றவர் எனக் கூட்டத்தில் பலரும் இருப்பார்கள். யார் சட்டையிலும் எண் இல்லை. நடுவர் இல்லை; பரிசுக் கிண்ணமும் இல்லை. ஆயினும், மலை உச்சி நெருங்கியதும் அத்தனை பேரும் இருக்கையைவிட்டு எழுந்து மூச்சிரைக்க மிதிக்கத் தொடங்கிவிடுவார்கள். அன்று யார் முதலில் உச்சியை அடைந்தார் என்பது பசியாறும் மேசையில் தே தாரேக் ஆறிப்போகும்வரை பேசப்படும்.

இதைப் பொழுதுபோக்கு என்று சொல்லி ஒதுக்கிவிடுவோர் உண்டு. முறையான பந்தயத்துடன் இதை ஒப்பிடவே கூடாது என்பது அவர்களின் எண்ணம். ஆனால், ஒரு வகையில் இந்தப் பந்தயமே கடினமானது. நடுவர் கண்காணிக்கும் இடத்தில் விதிக்குக் கட்டுப்பட்டு நடப்பதில் பெரிய சிரமம் இல்லை. விதியை எழுதிவைக்கவும் ஆளில்லாத, மீறினால் தண்டிக்கவும் ஆளில்லாத சாலையில் நேர்மையாகப் போட்டியிடுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி காற்றிலிருந்து தொடங்குகிறது.

மிதிவண்டியைச் சமதரையில் மெதுவாக ஓட்டும்போது காற்று நம் நினைவுக்கே வருவதில்லை. வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டும்போது நிலைமை மாறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அப்போது ஓட்டுபவர் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி காற்றைப் பிளப்பதற்கே போய்விடுகிறது. முன்னால் செல்பவரின் சக்கரத்தை ஒட்டி ஓட்டுபவருக்கோ இந்தச் சுமை குறைகிறது. ஏறத்தாழ கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை ஆற்றல் மிச்சமாகும். ஆகவே, பத்துப் பேர் செல்லும் வரிசையில் காற்றை உண்மையாகச் சுமப்பவர் ஒருவர்தான். மற்ற ஒன்பது பேரும் அவர் முதுகின் மறைவில் பயணம் செய்கிறார்கள்.

ஒருவரே நெடுநேரம் முன்னால் இருந்தால் களைத்துப்போவார். கூட்டத்தின் வேகமும் குறைந்துவிடும். எனவே, முறை வைத்துக் கொள்கிறார்கள். முன்னால் இருப்பவர் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ உழைத்தபின் முழங்கையை லேசாக அசைப்பார். பிறகு, சற்று விலகி வரிசையின் கடைசிக்கு வந்து சேர்ந்துகொள்வார். அடுத்தவர் முன்னால் வருவார். இன்னும் சிறிது நேரத்தில் தம்மைத் தோற்கடிக்கப் பார்க்கும் ஒருவருக்காகத்தான் ஒவ்வொருவரும் இப்படி உழைக்கிறார்கள். ஓட்டப்பந்தயத்திலோ நீச்சலிலோ இந்த விந்தையைக் காண்பது அரிது.

இந்த இடத்தில்தான் சிக்கல் வருகிறது. வரிசையில் எப்போதும் ஒருவர் இருப்பார். அவருடைய முறை வரும்போது தண்ணீர்ப் புட்டியை எடுப்பார், காலணியைச் சரிசெய்வார், எப்படியோ மீண்டும் பின்னால் போய்விடுவார். கடைசி ஐந்நூறு மீட்டரில் மட்டும் புத்தம்புதிய கால்களோடு பாய்ந்து முதலாவதாக வந்துவிடுவார். அவர் செய்தது தந்திரமா, ஏமாற்றா?

தந்திரம்தான் என்பாருக்கும் ஒரு நியாயம் உண்டு. பிறர் மறைவில் ஒதுங்குவது மிதிவண்டிப் பந்தயத்தில் குற்றமே இல்லை. 1996ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் நடந்துவரும் லங்காவி மிதிவண்டிப் பந்தயத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அங்கே ஓர் அணியின் வேகவீரரை அவருடைய குழுவினர் பல மணி நேரம் காற்றுப் படாமல் காத்துக் கொண்டு வருவார்கள். முடிவுக்கோட்டுக்குச் சில நூறு மீட்டருக்கு முன்புதான் அவர் வெளியே வருவார். அவரை யாரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்வதில்லை. அப்படியிருக்க, ஞாயிற்றுக்கிழமைக்காரரை மட்டும் ஏன் குறைசொல்ல வேண்டும்?

காரணம் இருக்கிறது. லங்காவிப் பந்தயத்தில் யார் யாருக்காக உழைக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்த ஒப்பந்தம். அந்த உழைப்பு அவர்களின் தொழில். அதற்குச் சம்பளம் உண்டு. ஹூலு லங்காட்டில் முன்னால் செல்பவர் நம்பிக்கையின் பேரில் உழைக்கிறார். 'இப்போது நான், அடுத்து நீ' என்பதுதான் அந்த நம்பிக்கை. அதைப் பயன்படுத்திக்கொண்டு தம் முறையைத் தட்டிக்கழிப்பவர், கடன் வாங்கிய பணத்தில் விருந்து வைப்பவரைப் போன்றவர்.

இதை எல்லாரிடமும் ஒரே அளவில் எதிர்பார்ப்பதும் தவறு. புதிதாகச் சேர்ந்தவர், வயதில் மூத்தவர், காய்ச்சலிலிருந்து தேறி வந்தவர் ஆகியோர் பின்னாலேயே இருப்பதில் குற்றமில்லை. அவர்கள் அதைச் சொல்லிவிட்டால் போதும். மறைவிலேயே வந்துவிட்டு இறுதியில் போட்டியிடாமல் ஒதுங்கிக்கொள்வதும் ஒரு நாகரிகம்.

நடிப்புக்கும் இதில் இடமுண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். மலை ஏறும்போது உயிர்போகும் வேதனையிலும் ஒருவர் சிரித்துப் பேசிக்கொண்டு வருவார். அவர் இன்னும் களைக்கவில்லை என்று நினைத்து மற்றவர்கள் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். இன்னொருவர் தலையைத் தொங்கப்போட்டுக் கொண்டு, 'இன்றைக்கு முடியாது' என்பதுபோல் வருவார். கடைசி வளைவில் அம்புபோல் பாய்வார். இவை இரண்டையும் கூட்டம் இரசிக்கிறது. முகம் பொய் சொல்லலாம், வாய் சொல்லக்கூடாது. கால் வலிக்கிறது என்று வாய்திறந்து சொல்லி முறையைத் தவிர்த்தவர் பிறகு பாய்ந்து வென்றால், அதை யாரும் இரசிப்பதில்லை. இந்த மெல்லிய கோட்டைப் புதியவர்கள் இரண்டு மூன்று வாரங்களில் கற்றுக்கொள்கிறார்கள்.

கற்றுக்கொள்ளாதவருக்குத் தண்டனை உண்டா? உண்டு. அடுத்த வாரம் அவர் பின்னால் ஒட்டியவுடன் முன்னால் இருப்பவர் திடீரென வேகத்தைக் கூட்டுவார். இடைவெளி விழும். அதை அடைக்க வேறு யாரும் வரமாட்டார்கள். அவர் தனியாகக் காற்றோடு போராட வேண்டியதுதான். அதற்கும் அசையாதவரைப் பசியாறும் மேசையில் கேலி காத்திருக்கும். அந்தக் கேலிக்கு முன்னால் அபராதமெல்லாம் எம்மாத்திரம்!

காற்றைச் சுமக்கத் தயங்குவது ஞாயிற்றுக்கிழமைக்காரர்களின் பலவீனம் மட்டுமன்று. உலகின் தலைசிறந்த வீரர்களுக்கும் அந்தத் தயக்கம் வருகிறது. 2021 ஆகஸ்டு மாதம் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கின் கெய்ரின் இறுதிப் போட்டி இதற்குச் சான்று. கெய்ரின் போட்டியில் மோட்டார் வண்டி ஒன்று வீரர்களுக்கு முன்னால் சென்று வேகத்தைப் படிப்படியாகக் கூட்டும். மூன்று சுற்றுகள், அதாவது 750 மீட்டர் எஞ்சியிருக்கும்போது அது விலகிக்கொள்ளும். அன்று முதல் இடத்தில் இருந்த பிரிட்டன் வீரர் ஜேசன் கென்னி, பின்னால் இருந்தவர் சற்று இடைவெளி விட்டதைக் கவனித்தார். வண்டி விலகிய கணமே பாய்ந்தார். துரத்திச் செல்பவர் காற்றைச் சுமக்க வேண்டும். அவர் பின்னால் ஒட்டி வருபவரோ இறுதியில் அவரை முந்திவிடுவார். இந்தக் கணக்கு மனத்தில் ஓட, மற்றவர்கள் ஒரு கணம் தயங்கினர். அந்தத் தயக்கத்திலேயே தங்கம் பறிபோனது. திரெங்கானு, டுங்குனைச் சேர்ந்த நம் வீரர் அசிசுல்ஹஸ்னி அவாங், எஞ்சியவர்களை முந்தி வெள்ளிப்பதக்கம் வென்றார்.

இதே நாடகம் வாரந்தோறும் சிறிய அளவில் நடக்கிறது. ஒருவர் திடீரென்று தனியாகப் புறப்படுவார். அவர் கூட்டத்தில் ஆக வலிமையானவராக இருக்க வேண்டியதில்லை. பின்னால் உள்ள பத்துப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அவர் போயே விடுவார். பத்துப் பேரும் முறை வைத்து உழைத்தால் இரண்டு கிலோமீட்டருக்குள் அவரைப் பிடித்துவிடலாம். ஒற்றுமை என்ற சொல்லை மேடைகளில் கேட்டுச் சலித்த மாணவர்கள்கூட இதை ஒருமுறை சாலையில் அனுபவித்தால் அதன் பொருளைப் புரிந்துகொள்வார்கள்.

மலை தொடங்கியதும் தந்திரங்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகின்றன. செங்குத்தான ஏற்றத்தில் வேகம் குறைவு. அதனால் காற்றின் மறைவால் கிடைக்கும் பயனும் குறைவு. அங்கே அவரவர் எடையும் அவரவர் மூச்சும்தான். இளையவர்கள் முன்னேறிப் போய்விடுவார்கள். ஆனால், உச்சியை அடைந்தவர்கள் அப்படியே இறங்கிப் போய்விடுவதில்லை. கடைசி ஆள் வரும்வரை அங்கேயே காத்திருப்பார்கள். சில வேளைகளில் அரை மணி நேரம்கூட ஆகும். முதலாவதாக வந்தவரே மீண்டும் கீழே இறங்கிப்போய், திணறி வருபவருக்குத் துணையாக இரண்டாம் முறை ஏறி வருவதும் உண்டு. இறக்கத்தில் பந்தயம் கிடையாது என்பது நல்ல குழுக்கள் அனைத்திலும் உள்ள கட்டுப்பாடு. வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்பது யாருக்கும் தெரியாது அல்லவா?

வரிசையின் நடுவில் இருப்பவருக்கு முன்னால் உள்ள சாலை தெரிவதில்லை; முன்னவரின் முதுகு மட்டுமே தெரியும். சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் இடையில் ஒரு முழம்கூட இருக்காது. ஆகவே, பள்ளத்தைக் கண்டவர் கையால் காட்டி, 'லூபாங்!' என்று குரல் கொடுக்கிறார். அந்தச் சொல் வரிசை முழுவதும் ஒருவர் மாற்றி ஒருவராகப் பின்னால் ஓடுகிறது. தமிழர், மலாய்க்காரர், சீனர் யாராக இருந்தாலும் குரல் அதுதான். போட்டியாளர் பள்ளத்தில் விழுந்தால் தமக்கு ஒரு போட்டியாளர் குறைவார் என்று எவரும் வாய்மூடி இருப்பதில்லை. சக்கரம் பஞ்சரானால் அத்தனை பேரும் நிற்கிறார்கள். ஒருவர் டியூபைக் கழற்ற, ஒருவர் காற்றடிக்க, நான்கு பேர் அறிவுரை சொல்ல, வேலை முடிகிறது.

சாலை இவர்களுக்கு மட்டும் சொந்தமன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். நீண்ட வரிசை சாலையில் செல்லும் கார்களுக்கு இடைஞ்சலாகிறது என்ற குறை நியாயமானதே. சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டு சனவரி முதல் தேதியிலிருந்து, சாலையில் குழுவாகச் செல்வோரின் வரிசை ஐந்து மிதிவண்டி நீளத்திற்கு மேல் இருக்கக்கூடாது என்று வரையறுத்துள்ளார்கள். இருவர் இருவராகச் சென்றால் பத்துப் பேர். ஒற்றை வரிசையானால் ஐந்து பேர். நம் நாட்டுக் குழுக்கள் சட்டத்திற்குக் காத்திராமல் தாங்களாகவே இவ்வாறு பிரிந்து சென்றால் நல்லது. சிவப்பு விளக்கில் நிற்காமல் பறக்கும் குழு எவ்வளவுதான் தோழமை பேசினாலும், அதைப் பாராட்டுவதற்கில்லை.

தோழமை மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு வேதனையான சான்று ஒன்று உண்டு. 2017 பிப்ரவரி 18ஆம் நாள் அதிகாலையில் ஜொகூர் பாருவில் மிதிவண்டிகளில் கூட்டமாகச் சென்ற பதின்ம வயதினரைக் கார் மோதியதில் எட்டுப் பேர் உயிரிழந்தனர். அவர்கள் 13 முதல் 16 வயதுக்கு உட்பட்டவர்கள். யார் பொறுப்பு என்பதை நீதிமன்றங்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்தன. அதற்குள் இங்கே நுழைய வேண்டியதில்லை. ஆனால், 'பாசிக்கால் லாஜாக்' எனப்படும் மாற்றியமைக்கப்பட்ட மிதிவண்டிகளைப் பற்றி நாடே பேசியது அப்போதுதான். நிறுத்தியைக் கழற்றிவிடுவது, கைப்பிடியைத் தாழ்த்துவது, இறக்கத்தில் வயிற்றில் படுத்தபடி பாய்வது எனச் சிறுவர்கள் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டிருந்தார்கள்.

அந்தச் சிறுவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று திட்டிவிட்டுப் போவது எளிது. அவர்களும் நண்பர்களாகத்தான் சேர்ந்து போனார்கள். வேகத்தின் மீதுள்ள ஆசையில் அவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்காரர்களுக்கும் வேறுபாடு இல்லை. வேறுபாடு, பக்கத்தில் யார் இருந்தார் என்பதில்தான். ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் நிறுத்தி இல்லாத வண்டியோடு ஒருவர் வந்தால், புறப்படும் முன்பே யாராவது ஒரு மூத்தவர், 'தம்பி, இதைச் சரிசெய்துவிட்டு அடுத்த வாரம் வா' என்று திருப்பி அனுப்பிவிடுவார். இரவு இரண்டு மணிக்குத் தெருவில் சேரும் சிறுவர்களிடம் அப்படிச் சொல்ல ஆளில்லை. வண்டிகளைப் பறிமுதல் செய்வது தேவைதான். ஆனால், ஆசையைப் பறிமுதல் செய்ய முடியாது.

ஆகவே, மிதிவண்டிக் குழுக்களுக்கு ஒரு கடமை இருக்கிறது. அவர்களின் வண்டிகள் பல ஆயிரம் ரிங்கிட் பெறுமானமுள்ளவை. அந்த விலையைக் கேட்டே ஏழைச் சிறுவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். வீட்டுக் கிடங்கில் தூசுபடிந்து கிடக்கும் பழைய வண்டியையும் தலைக்கவசத்தையும் குடியிருப்புப் பகுதியில் உள்ள ஒரு மாணவருக்குக் கொடுத்தால் போதும். பெற்றோரின் சம்மதத்தோடு, வாகன நடமாட்டம் குறைந்த பூங்காப் பாதையில் முதல் சில வாரங்கள் பழக்கலாம். பள்ளிகளும் புறப்பாட நடவடிக்கைகளில் இதற்கு இடம் தரலாம்.

புதியவரை வரிசையின் நடுவில் விடுவதுதான் வழக்கம். அங்கே காற்று அதிகம் படாது. முன்னும் பின்னும் அனுபவசாலிகள் இருப்பார்கள். ஒரு மாதம் கழித்து, சமதரையான ஒரு பகுதியில், அவரை முன்னால் வரச் சொல்வார்கள். அரை நிமிடம் போதும். காற்று முகத்தில் அறையும், கால்கள் எரியும். பிறகு அவரும் முழங்கையை அசைத்துவிட்டு விலகுவார். கடந்து செல்லும் ஒவ்வொருவரும் 'சபாஷ்' என்றோ 'பாகூஸ்' என்றோ ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவார்கள்.