பிழை சொல்லும் நண்பர்

நமது நியூ டவுனில் நஸ்ருல் தீர்த்தத்தின் முன்னால் நாள்தோறும் போய் வருகிறோம். நம்மில் எத்தனை பேர் உள்ளே சென்று பார்த்திருப்போம்? இப்பகுதியை எழுதும் நாமும் சென்ற திங்கள் வரையில் பார்த்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மழைக்கு ஒதுங்கியவர்களாய் நுழைந்து, ஒரு மணி நேரங் கழித்தே வெளியே வந்தோம். உடன் வந்தவர் நம் சங்கத்து அன்பர் ஒருவரின் தந்தையார். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டுக் கிராமமொன்றில் ஏர் பிடித்துக் காலங் கழித்தவர். முதுமையில் மகனோடு இருக்க வந்து, இங்கே பதினோராவது மாடியில் குடியிருக்கிறார். வெண்பாப் பாடுவார். அன்று திரும்பும் வழியில் அவர் கூறிய சொற்களே இத்திங்கள் நாம் எழுதுவதற்கு வித்து.

காஜி நஸ்ருல் இஸ்லாமை வங்காளம் முழுதும் போற்றுகிறது. ஆனால் அவர் 1899-இல் பிறந்தது சுருலியா என்னும் சிற்றூரில். இளமையிலேயே தந்தையை இழந்தார். 'லேட்டோ' என வழங்கும் நாட்டுக்கூத்துக் குழுவிற் சேர்ந்து, கூத்துக்குப் பாட்டுக் கட்டினார். அசன்சோலில் ரொட்டிக் கடையில் வேலை பார்த்தார். 1917-இல் பள்ளிப் படிப்பை விட்டுப் பட்டாளத்திற் சேர்ந்து கராச்சிக்குப் போனார். அந்தப் பாளையத்திலிருந்துதான் கல்கத்தாப் பத்திரிகைகளுக்குத் தபாலில் எழுத்துகளை அனுப்பத் தொடங்கினார். 1919-இல் அவர் அனுப்பிய கவிதையொன்றை 'பங்கீய முஸல்மான் சாகித்திய பத்திரிகை' வெளியிட்டது. அவர் வைத்த தலைப்பு 'க்ஷமா'. அச்சில் வந்தபோது தலைப்பு 'முக்தி'. மாற்றியவர்கள், முகமறியாப் பட்டாளத்துக்காரனின் எழுத்தைக் கருத்தூன்றிப் படித்த பத்திரிகைக்காரர்கள். இளங்கவிஞர் சினந்தாரா? இல்லை, புதிய பெயர் தமக்கு உவப்பாயிருக்கிறதென்று கராச்சியிலிருந்து கடிதம் எழுதினார். கடிதத் தொடர்பு வளர்ந்தது. 1920-இல் படைப்பிரிவு கலைக்கப்பட்டபோது, அவர் வந்து தங்கியது அப்பத்திரிகையை நடத்திய சமிதியின் காலேஜ் தெரு அலுவலகத்தில். அங்கே அவருக்குத் துணையாயிருந்தவர் முஸஃபர் அகமது. மறு ஆண்டின் இறுதியில் 'வித்ரோகி' பிறந்தது.

இதனைக் கேட்ட பெரியவர் சிறிது தூரம் பேசாமல் நடந்தார். பிறகு, "அவருக்குக் கல்கத்தாவிலே ஒருத்தர் கிடைத்துவிட்டார், தம்பி. எனக்கு நாற்பது வருஷம் ஒருத்தரும் கிடைக்கவில்லை" என்றார்.

அவர் வரலாறு இதுதான். ஊர்ப் பள்ளித் தமிழாசிரியர் ஒருவர் அவருக்கு அசையும் சீரும் பிரிக்கக் கற்றுத் தந்தார். ஆசிரியர் காலமானபின், எழுதியதைக் காட்ட ஆளில்லை. ஊரார் அவர் பாட்டை விரும்பாமல் இல்லை. கோயில் கொடைக்கும் கலியாணத்துக்கும் வாழ்த்துக் கேட்டு வருவார்கள், படித்ததும் கைதட்டுவார்கள். கைதட்டல் மறுநாள் உழவுக்குப் போகும்போது உடன் வருவதில்லையே! எங்கே சறுக்கியது, ஏன் சறுக்கியது என்று சொல்வதற்கு ஒருவர் வேண்டும். அப்படி ஒருவரும் இல்லாததால், கோடு போட்ட நோட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாய்த் தகரப் பெட்டியில் அடங்கின.

நியூ டவுனுக்கு வந்தபின் பேத்திதான் கைப்பேசியில் மரபுக் கவிதைக் குழு ஒன்றில் அவரைச் சேர்த்துவிட்டாள். முதல் வெண்பாவை இட்டவுடன் 'அருமை', 'அற்புதம்' என்று மாரி பொழிந்தது. கூப்பிய கைகளும் பூங்கொத்துகளும் படம்படமாய் வந்து குவிந்தன. இரண்டு நாள் பெரியவர் தரையில் நடக்கவில்லை. மூன்றாம் நாள், மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் இரண்டே வரி எழுதினார்: 'மழையின்றி நிலங்காய்ந்து' என்ற இடத்தில் தளை தட்டுகிறது, காய்ச்சீர் முன் நேரசை வரவேண்டும், ஐயா நிரையசை வைத்திருக்கிறார் என்று.

அன்றிரவு பெரியவர் உண்ணவில்லை என்று மருமகள் நம்மிடம் சொன்னார். பிறர் முன்னிலையிற் குற்றம் சொல்லிவிட்டார்களே என்ற வருத்தம் ஒரு புறம். இத்தனை காலமும் இப்படித்தான் எழுதிவந்தோமோ என்ற அச்சம் ஒரு புறம். கைப்பேசியை மூலையில் வைத்துவிட்டார். அத்துடன் முடிந்திருக்கவும் கூடும். விடியற்காலையில் எழுந்து, 'மழையின்றி மண்காய்ந்து' என்று மாற்றினார். தளையும் சரியாயிற்று, கேளாத மோனையும் தானே வந்து அமர்ந்தது. இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! அன்றிலிருந்து தகரப் பெட்டி நோட்டுகளை ஒவ்வொன்றாய் ஊரிலிருந்து வரவழைத்துத் திருத்தி வருகிறார்.

இத்தகைய கூட்டம் நேற்று முளைத்ததன்று. இலந்தை இராமசாமி அவர்கள் தொடங்கிய 'சந்தவசந்தம்' என்னும் இணையக் குழுவில், தமிழர் வாழும் பல நாடுகளிலிருந்தும் அன்பர்கள் கவியரங்கம் நடத்தி, ஒருவர் பாட்டை ஒருவர் பார்த்துக் கொடுத்து வந்திருக்கிறார்கள். டொராண்டோவில் மின்பொறியியற் பேராசிரியராயிருந்த பசுபதி அவர்கள் யாப்பைப் பாடம் பாடமாய் விளக்கி எழுதிய 'கவிதை இயற்றிக் கலக்கு' இன்று நூலாகவும் இருக்கிறது. வினோத் ராஜன் உருவாக்கிய 'அவலோகிதம்' என்னும் மென்பொருளில் பாட்டை இட்டால், அசை, சீர், தளை, தொடை யாவற்றையும் பிரித்து, இன்ன பாவென்று சொல்லிவிடும். காரிகையை உரையோடு படிக்கப் பட்டணத்து நூலகத்துக்குப் பேருந்து ஏறிய காலம் போய், தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் வயல் வரப்பிலிருந்தே படிக்கலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், முகந்தெரியாத அன்பர்கள் ஊதியமின்றித் தட்டெழுதிய பழந்தமிழ் நூல்கள் ஏராளம்.

எனினும் இயந்திரம் தளையைத்தான் சொல்லும். 'இந்தச் சொல் உங்கள் ஊர்ச் சொல்லா? விளங்கவில்லை, ஆனால் மாற்றிவிடாதீர்கள்' என்று சொல்ல மனிதர் வேண்டும். பெரியவர் ஒரு பாட்டில் 'கூனை' என்று எழுதியிருந்தார். சென்னையிலுள்ள பொறியாளர் ஒருவர் பொருள் கேட்டார். கமலைக் கிணற்றில் மாடு பின்னுக்கு வர வர உள்ளே இறங்கி, முன்னுக்குப் போகப் போகத் தண்ணீரோடு மேலேறி வரும் பெருஞ்சால் அது என்று விளக்கப் புகுந்து, கிணற்று மேட்டையும் வடக்கயிற்றையும் கமலைப் பாட்டையும் மூன்று இரவு எழுதினார். கற்க வந்தவர் கற்பிப்பவராகிவிட்டார். நகரத்தார் தம்மைக் கைதூக்கிவிடுகிறார்கள் என்றே அதுவரை எண்ணியிருந்தாராம்.

குறைகளும் உண்டு, அவற்றை மறைப்பது முறையன்று. பெரியவரின் பொங்கல் வெண்பா, பெயர் நீக்கப்பெற்று, வேறொரு குழு வழியாய் உறவினர் ஒருவரின் வாழ்த்தாக அவருக்கே வந்து சேர்ந்தது. சிரித்தார், ஆனால் அதன்பின் ஒவ்வொரு பாட்டின் அடியிலும் ஊரும் தேதியும் இடுகிறார். புகழ்ச்சி மலிந்துவிட்டதென்பது நம் குறை. கராச்சிக் கடிதம் வந்துசேரப் பல நாள் ஆயிற்று. இன்றோ இமைப்பொழுது போதும். ஆனால் நாலடிப் பாட்டைக் கருத்தூன்றிப் படிக்க அன்று ஆன நேரந்தான் இன்றும் ஆகிறது. அந்நேரத்தைத் தருபவர்கள் சிலரே. அந்தச் சிலரையும், 'பெரியவர் மனம் நோகுமே' என்ற நம் தமிழ்ப் பண்பு வாய் திறக்கவொட்டாமற் செய்கிறது. மன்னார்குடி அன்பர் அந்தப் பண்பைச் சற்று மீறினார். பெரியவர் இன்றைக்கும் அவரை 'வாத்தியார்' என்றே குறிப்பிடுகிறார், அவருக்குத் தம் மகன் வயதுதான் என்று தெரிந்த பின்னரும்.

நம் குடும்பங்கள் பலவற்றில் இப்படிப் பெரியவர்கள் இருக்கிறார்கள். பகலெல்லாம் தமிழ் கேளாத மாடிகளில், ஊரிலிருந்து கொண்டுவந்த நோட்டோடு இருக்கிறார்கள். தாலாட்டும் ஒப்பாரியும் கட்டும் தாய்மாரும் உண்டு. அவர்கள் தம்மைக் கவிஞர் என்று சொல்லிக்கொள்வதில்லை, நாமும் சொல்வதில்லை. அந்நோட்டுகளைச் சங்கத்திற்குக் கொண்டுவாருங்கள். தட்டெழுதித் தர இளைஞர் இருவர் இசைந்திருக்கிறார்கள். பாட்டின் சொல்லை அவர்கள் மாற்றமாட்டார்கள். ஐயமிருந்தால் வீட்டுக்கு வந்து கேட்பார்கள்.

எழுத விழைவோர்க்குப் பெரியவர் ஓர் ஈற்றடி தந்திருக்கிறார்: 'கமலை யிறைத்தநீர் காண்.' வெண்பாக்கள் அடுத்த இதழுக்குள் வந்து சேரட்டும். தளை தட்டினால் அவர் சொல்லிவிடுவார், முன்கூட்டியே எச்சரித்துவிட்டோம்.