சும்மாதாங்க போறேன்!

"எங்கம்மா இவ்ளோ காலையில?"

மார்கழி ஒண்ணாம் தேதி ஆரம்பிச்சு தை பிறந்து இன்னிக்கு வரைக்கும் இந்தக் கேள்வியை எத்தனை பேர்கிட்ட வாங்கியிருப்பேன்னு கணக்கே இல்லை. பால்காரர், எதிர்வீட்டு ஆச்சி, கோலம் போட்டுக்கிட்டு இருக்கற அக்கா, டீக்கடை பெஞ்சு மொத்தமும். நான் பண்ற குற்றம் இவ்வளவுதான். விடிஞ்சதும் சைக்கிளை எடுத்துக்கிட்டு ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் சுத்திட்டு வர்றேன். டியூஷன் கிடையாது. பால் பாக்கெட் கிடையாது. உடம்பைக் குறைக்கற திட்டமும் கிடையாது (பணியாரம் சாப்பிடற வேகத்துக்கு அது நடக்கவும் நடக்காது). பிடிச்சிருக்கு, போறேன்.

"சும்மாதான் ஆச்சி"ன்னு ஒரு தடவை உண்மையைச் சொன்னேன். ஆச்சி முகத்துல ஒரு நிமிஷம் ஒண்ணுமே இல்லை. அப்புறம் வந்துச்சு பாருங்க, "பனி தலையில இறங்கிரும்டி. பொம்பளப்புள்ள இப்பிடி சுத்துனா நாளைக்கு மூக்குல சளி நிக்காது."

சரி, முதல்ல இந்தப் பனியை ஒரு கை பார்த்துடுவோம்.

காரைக்குடியில தை மாசக் காலையில எவ்வளவு குளிரும்? 20 டிகிரி. ரொம்பக் கொடுமையான நாள்னா அதுக்கு ஒண்ணு ரெண்டு கீழ. இதே ஊர்ல மே மாசம் 38, 39, 40. அந்த அனல்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல நம்மளை நிக்க வைக்கறப்ப யாரும் "வெயில் தலையில இறங்கிரும்"னு குல்லா மாட்டி விடறதில்லை. 20 டிகிரிக்கு மட்டும் மப்ளர், மங்கி குல்லா, காதுல பஞ்சு!

சளி வர்றது வைரஸால. பக்கத்துல தும்மறவங்க கிட்டேர்ந்து, அடைச்சு வச்ச ரூம்லேர்ந்து, நெரிசலான பஸ்லேர்ந்து வரும். தலையில விழற நாலு சொட்டு பனித்தண்ணிக்குள்ள வைரஸ் எதுவும் குடியிருக்கலை. ஒரு விஷயம் ஒத்துக்கறேன். வீசிங் இருக்கறவங்களுக்கு குளிர்காத்து உண்மையிலேயே தொந்தரவு பண்ணும். அவங்க டாக்டர் சொல்றதைத்தான் கேக்கணும், என்னை இல்லை. மத்தவங்களுக்கு இந்தப் பனி ஒரு சாக்கு.

சாக்குன்னு ஏன் சொல்றேன்? மூணு காரணம் சொல்றேன், கேளுங்க.

ஒண்ணு. எங்க காலேஜுக்கு பாதிப் பேர் ஸ்கூட்டர்லயும் பைக்லயும்தான் வர்றாங்க. காலையில 40, 50 கிலோமீட்டர் வேகத்துல. அந்த வேகத்துல அடிக்கற காத்துதான் நிஜமாவே குளிரும். ஏன்னா உடம்பு அசையாம உக்காந்திருக்கு, சூடே உண்டாகறதில்லை. சைக்கிள்ல 12, 13 கிலோமீட்டர் வேகம்தான். அதுலயும் நம்ம கால்தான் இன்ஜின். பத்து நிமிஷம் மிதிச்சா உள்ளேர்ந்து சூடு கிளம்பிடும், போட்டிருக்கற ஸ்வெட்டரைக் கழட்டி கேரியர்ல செருகிடுவோம். ஆனா பாருங்க, ஸ்கூட்டர்ல போற பொண்ணுகிட்ட யாராவது பனியைப் பத்திப் பேசியிருக்காங்களா?

ரெண்டு. மார்கழியில விடியறதுக்கு முன்னாடி தெருவுல இருக்கறது யாரு? எல்லாம் பொம்பளைங்கதான். சாணி தெளிச்சு, தரையோட குனிஞ்சு, தெருவை அடைச்சுக் கோலம் போட்டு, நடுவுல பூசணிப்பூ வைக்கறவரைக்கும் அந்தப் பனி அவங்க முதுகு மேலதான் இறங்குது. அப்ப இறங்கற பனி வேற கம்பெனியா?

மூணாவதுதான் முக்கியம். தைப்பூசத்துக்கு நம்ம பக்கத்து நகரத்தார் காவடி குன்றக்குடியிலேர்ந்து பழனிக்கு நடந்து போகுது. பல நூறு வருஷ வழக்கம். நூறு கிலோமீட்டருக்கு மேல, பலர் வெறுங்காலோட, பாதி நேரம் இருட்டுல, பனியில. எழுபது வயசு அய்யாவும் போறாங்க, ஆச்சியும் போறாங்க. எதிர்வீட்டு ஆச்சியே அவங்க காலத்துல நாலு தடவை போயிருக்காங்க! பெருமையா சொல்லுவாங்க, சொல்லவும் வேணும். எனக்கும் அந்தக் கூட்டத்தைப் பார்த்தா சிலிர்க்கும்.

ஆனா அந்த நாலு தடவையும் பனி எங்க போச்சு?

வேண்டுதலுக்கு நடந்தா பனி ஒண்ணும் பண்ணாது. வேலைக்குப் போனா பண்ணாது. பேப்பர் போடற தம்பியை, பால்காரரை, பூக்கார அக்காவை ஒண்ணும் பண்ணாது. சந்தோஷத்துக்குப் போனா மட்டும் தலையில இறங்கிரும். ஆக, பனி மேல பிரச்சினை இல்லை மக்களே. "சும்மா" மேலதான் பிரச்சினை.

இதை எழுத உக்காந்ததுக்குக் காரணம் நான் இல்லை. எங்கம்மா.

அம்மாவுக்குச் சொந்த ஊர் அறந்தாங்கி பக்கம் ஒரு கிராமம். புதுக்கோட்டை மாவட்டம். 1990-கள் தொடக்கத்துல அங்க என்ன நடந்துச்சுன்னு நம்ம வகுப்புல எத்தனை பேருக்குத் தெரியும்? இங்கேர்ந்து புதுக்கோட்டை டவுனே ஒரு மணி நேர பஸ் தூரம்தான், எனக்கே ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் தெரியாது. 1991-ல அறிவொளி இயக்கம் அங்க எழுத்தறிவு சொல்லிக் குடுக்கத் தொடங்கினப்ப, கூடவே பெண்களுக்கு சைக்கிளும் சொல்லிக் குடுத்தாங்க. கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் அதுக்குப் பின்னாடி உறுதியா நின்னாங்க. குவாரியில கல் உடைக்கறவங்க, அங்கன்வாடியில வேலை பார்க்கறவங்க, விவசாயக் கூலிகள், பள்ளிக்கூடப் பிள்ளைங்கன்னு எல்லாரும் ஏறினாங்க. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கயே போய்ப் பார்த்து எழுதினது 1996-ல வந்த அவரோட புத்தகத்துல இருக்கு. 1992 மகளிர் தினத்தன்னிக்கு 1,500 பெண்களுக்கு மேல சைக்கிள்ல கிளம்பி புதுக்கோட்டையையே அதிர வச்சிருக்காங்க. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தப்ப ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி ஓட்டியிருக்காங்க. நடுவுல இருக்கற பார்ல பிள்ளையை உக்கார வச்சுக்கலாமே!

அந்த அலையிலதான் பதினேழு வயசுல எங்கம்மாவும் வாடகை சைக்கிள்ல கத்துக்கிட்டாங்க. டவுன் ஊர்வலத்துக்குத் தாத்தா விடலை. ஆனா அதுக்கப்புறம் ஏழெட்டு வருஷம் அந்த ஊர்ல தண்ணிக்குடம், ரேஷன் அரிசி, தம்பி தங்கச்சி எல்லாம் அம்மா கேரியர்லதான் போயிருக்கு. "தண்ணி எடுக்க வசதியா இருக்கும்னுதானம்மா கத்துக்கிட்டீங்க?"ன்னு கேட்டேன். சிரிச்சாங்க. "அப்பிடிச் சொன்னாத்தான் வீட்டுல விடுவாக. தண்ணி இல்லாத கம்மாக்குள்ள சாயங்காலம் வட்டம் வட்டமா ஓட்டுவோம். காத்து காதுல அடிக்கும் பாரு, அதுக்காகத்தான்."

கல்யாணமாகி காரைக்குடி வந்தாங்க. அதோட சரி. யாரும் ஓட்டக் கூடாதுன்னு சொல்லலை. ஓட்டறதுக்கு வேலை இல்லை, அவ்வளவுதான். வீட்டுல குழாய் இருக்கு, தெருமுனையில கடை இருக்கு. காரணம் தீர்ந்து போச்சு, சைக்கிளும் தீர்ந்து போச்சு.

இந்த வருஷம் பொங்கலுக்கு மறுநாள் சாயங்காலம் தெருவுல ஆள் இல்லை. என் சைக்கிளைத் தள்ளிட்டு வந்து "ஒரே ஒரு ரவுண்டு"ன்னு அம்மாகிட்ட கெஞ்சினேன். சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு ஏறினாங்க. முதல் பத்தடி ஆட்டம், அப்புறம் நேரா ஒரு கோடு மாதிரி போனாங்க. இருபத்தஞ்சு வருஷத்துக்கு அப்புறம்! தெருக்கோடியில திரும்பறப்ப யாரோ மாடியிலேர்ந்து கேட்டாங்க, "என்ன, கடைக்கா?"

"ஆமா"ன்னு சொல்லிட்டு அம்மா ஓட்டிட்டே வந்துட்டாங்க.

அம்மா பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை. ஐம்பது வயசுல, சொந்தத் தெருவுல, பொண்ணோட சைக்கிள்ல ரெண்டு ரவுண்டு போனதுக்கு இல்லாத ஒரு கடையைச் சொல்ல வேண்டியிருக்கு. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. கோபம்.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கு. சைக்கிளுக்கும் நம்ம மண்ணுக்கும் இருக்கற உறவு தெரிஞ்சா உங்களுக்கும் வரும். ஹெர்குலஸ், பிஎஸ்ஏன்னு நாட்டையே மிதிக்க வச்ச டிஐ சைக்கிள்ஸ் யாருடையது? 1949-ல அந்தக் கம்பெனியைத் தொடங்கின முருகப்பா குடும்பத்துக்குப் பூர்வீகம் நம்ம பள்ளத்தூர். கோட்டையூர் தாண்டிப் போனா வர்ற அதே பள்ளத்தூர்தான்! சைக்கிள் செஞ்சு வித்தவங்க ஊர்ல, சைக்கிள்ல ஒரு பொண்ணு வேலையில்லாமப் போனா ஊரே நின்னு பார்க்குது.

அரசாங்கமும் குடுக்காம இல்லை. 2001 வாக்குல ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குன்னு தொடங்கின இலவச சைக்கிள் திட்டம், 2005-06 வாக்குல அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகள்ல ப்ளஸ் ஒன் படிக்கற பையன் பொண்ணு எல்லாருக்கும்னு விரிஞ்சுது. நான் ஓட்டறதும் அதுல வந்ததுதான். நம்ம வகுப்புலயே பாதிப் பேருக்கு மேல வாங்கினோம். இப்ப எங்க இருக்கு அதெல்லாம்? கொட்டகையில உரமூட்டைக்குப் பின்னாடி. சிலது பழைய இரும்புக்கடையில. பள்ளிக்கூடம் போக சைக்கிள், பள்ளிக்கூடம் முடிஞ்சா சைக்கிளும் முடிஞ்சுது. அதுக்கப்புறம் சைக்கிள்ல போனா "பைக் வாங்க வசதி இல்லையா?"ன்னு ஒரு பார்வை. அதே ஆளுங்க ஜிம்முக்கு மாசம் காசு கட்டி, நின்ன இடத்துலயே நிக்கற சைக்கிளை மிதிப்பாங்க. அது கௌரவம்!

நம்ம பசங்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்க பைக்ல "சும்மா ஒரு ரவுண்டு" போறப்ப உங்களை யாரும் எதுவும் கேக்கறதில்லை. "சும்மா" உங்களுக்குப் பிறந்ததிலேர்ந்து இலவசம். எங்களுக்குத்தான் காரணச் சீட்டு வேணும்.

இன்னொண்ணு, நமக்கு வருஷத்துல சைக்கிள் காலம்னு இருக்கறதே மிஞ்சிப் போனா ரெண்டரை மாசம். ஐப்பசி கார்த்திகையில மழை. மாசி பாதியிலயே வெயில் ஏற ஆரம்பிச்சிடும். நடுவுல இந்த மார்கழியும் தையும்தான். ஊருணி எல்லாம் தண்ணியோட நிக்கும். செம்மண் ஈரமா இருக்கும், புழுதி கிளம்பாது. அரியக்குடி பக்கம் போனாலும் சரி, கோவிலூர் வழியா குன்றக்குடி பக்கம் போனாலும் சரி, மூச்சு வாங்க வைக்கற மேடு கிடையாது. பெரிய வீடுகளோட சுவர் மேல முதல் வெயில் படறதை பஸ் ஜன்னல்லேர்ந்து பார்த்துட முடியாது. வேட்டங்குடிக்கும் கொள்ளுக்குடிப்பட்டிக்கும் எங்கெங்கேயிருந்தோ பறவைங்க வர்றதும் இந்தக் காலத்துலதான். அதுங்க பறந்து வந்து அனுபவிக்கற குளிருக்கு நாம ஜன்னலைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கோம்.

பின்லாந்துல ஊலுன்னு ஒரு ஊர். குளிர்காலத்துல உறைநிலைக்குப் பத்து டிகிரி கீழ போறது அங்க சாதாரணம். அங்க பிள்ளைங்க பனிக்கட்டி மேல சைக்கிள் ஓட்டிக்கிட்டு பள்ளிக்கூடம் போகுது. முனிசிபாலிட்டி சைக்கிள் பாதையில பனியைத் தள்ளி வழி பண்ணிக் குடுக்குது. குளிர்கால சைக்கிள் பயணத்துக்குன்னே உலக அளவுல முதல் மாநாடு 2013-ல அங்கதான் நடந்துச்சு. அவங்க குளிருக்கு முன்னாடி நம்ம 20 டிகிரியை வச்சுக்கிட்டு குல்லாவோட நின்னா சிரிக்க மாட்டாங்க?

நியாயமான எதிர்வாதம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. பாதுகாப்பு. அதுக்கு நான் தலை வணங்கறேன். மூடுபனியில, இருட்டுல, பெரிய ரோட்டுல போகாதீங்க. பஸ்காரருக்கு நீங்க தெரியவே மாட்டீங்க. இப்ப ஆறரைக்கு மேலதான் சூரியனே வருது, நல்லா வெளிச்சம் வந்தப்புறம் கிளம்புங்க. ஊர் ரோடா பார்த்துப் போங்க. பின்னாடி ஒரு சிவப்பு லைட்டு, முன்னாடி ஒரு வெள்ளை லைட்டு, வேலை செய்யற பிரேக்கு. தனியாப் போகப் பயமா இருந்தா நாலு பேரா போங்க. ஆனா பயம்னா பயம்னு சொல்லுங்க. அதுக்குத் தெருவிளக்கு கேக்கலாம், துணை தேடலாம். "பனி"ன்னு சொன்னா என்னத்தைக் கேக்கறது?

நான் கேக்கறது பெரிய புரட்சி எல்லாம் இல்லை. விடியக்காலையிலயோ சாயங்காலமோ ஒரு பொண்ணு, ஒரு அம்மா, ஒரு அப்பத்தா சைக்கிள்ல போனா "எங்க போற"ன்னு கேக்காதீங்க. வாய் சும்மா இருக்காதுன்னா கேளுங்க, தப்பில்லை. ஆனா "சும்மா"ன்னு பதில் வந்தா அதை முழுப் பதிலா எடுத்துக்குங்க.

வகுப்புத் தோழிகளே, வர்ற ஞாயித்துக்கிழமை உரமூட்டையை நகர்த்துங்க. டியூப்ல காத்து இருக்காது, பஞ்சர் கடை அண்ணன் பார்த்துக்குவார். செயினுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய். பள்ளத்தூர் வரைக்கும் போயிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வருவோம். அம்மாவையும் கூப்பிட்டிருக்கேன். "பார்க்கலாம்"னு சொல்லியிருக்காங்க. சாயங்காலம் பார்த்தா, பின் சக்கரத்தை அழுத்திப் பார்த்துட்டு "காத்து கம்மியா இருக்குடி"ன்னாங்க.

டிஸ்கி: எனக்கு இப்ப லேசா இருமல் இருக்கறது உண்மைதான். அது மாமா பொண்ணு கல்யாணத்துல சாப்பிட்ட மூணு ஐஸ்கிரீமால வந்தது. ஆச்சிகிட்ட யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க.