கட்டிலை எண்ணும் முன் கதவை எண்ணுங்கள்

பாடசாலை விடுமுறை நெருங்கினால் நமது வியாபாரிகளின் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். இந்த முறை பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது? ஒரு காலத்தில் நுவரெலியா, பண்டாரவளை என்று மலைநாட்டோடு முடிந்துவிடும். போர் முடிந்து 2009க்குப் பிறகு ஏ-9 பாதை வழமைக்குத் திரும்பியதும், 2014 ஒக்டோபரில் ரயில் மறுபடியும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியதும் இந்தக் கணக்கை மாற்றிவிட்டன. இப்போது வடக்கே போகாத குடும்பம் குறைவு. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட நமது யாழ்ப்பாணத்து மக்களின் பிள்ளைகள், புத்தளத்திலும் கொழும்பிலும் பிறந்து வளர்ந்தவர்கள், இன்று தமது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விருந்தாளிகளைப் போல அங்கே போய் வருகிறார்கள். அது தனிக் கதை. இங்கே நாம் பேச வருவது தங்குமிடத்தின் அளவைப் பற்றி.

யாழ் நகரத்து ஹோட்டலில் இரண்டு அறை எடுப்பவர்களும் உண்டு, கொஞ்சம் தள்ளி ஒரு முழு வீட்டை நான்கு நாளைக்கு எடுப்பவர்களும் உண்டு. தொண்டைமானாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வல்வெட்டித்துறைக்கு மேற்கே, நீரேரி கடலோடு சேரும் இடம். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர், வெளிக்கள நிலையத்தின் மாதிரிப் பரீட்சை வினாத்தாள்களால் நன்றாகப் பழக்கம். கருணாகரத் தொண்டைமான் என்ற சோழத் தளபதி உப்பு ஏற்றுவதற்காக வெட்டிய வழிதான் இந்த ஆறு என்று ஒரு பழங்கதையும் இருக்கிறது. வியாபாரத்துக்காக வெட்டிய ஆறு என்றால் நமக்கும் ஒரு பிரியம் வரத்தானே செய்யும்.

வடமராட்சியில் கனடாவிலும் இலண்டனிலும் இருப்பவர்களுடைய வீடுகள் பல, ஆண்டில் பெரும்பாலான நாட்கள் பூட்டிக் கிடக்கின்றன. சில வீடுகளை உறவினர் பராமரித்து நாள் வாடகைக்கு விடுகிறார்கள். மூன்று அறை, ஒரு விறாந்தை, குசினி, கிணறு, முற்றம். ஐந்து வயதுக்குக் கீழே இரண்டு பிள்ளைகளும் வயதான உம்மாவும் உள்ள குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கஷ்டம். ஏன் என்று விளங்கிக்கொண்டால், அடுத்து வரும் டைம்ஷெயார் விவகாரமும் தானாக விளங்கிவிடும்.

டைம்ஷெயார் என்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. சென்னைக்குச் சரக்கெடுக்கப் போனவர்களும் துபாயில் கடை வைத்திருப்பவர்களும் அந்தத் தொலைபேசி அழைப்பைக் கேட்டிருப்பார்கள். பரிசு விழுந்திருக்கிறது, மனைவியோடு வாருங்கள், இராச் சாப்பாடும் உண்டு என்பார்கள். போனால் இரண்டு மணித்தியாலம் படம் காட்டி, ஒரு விடுதியில் ஆண்டுக்கு ஒரு வாரம் என்ற உரிமையைப் பல ஆண்டுகளுக்கு விற்பார்கள். இந்தியாவில் ஸ்டெர்லிங் நிறுவனம் 1986இல் சென்னையில் தொடங்கியது. கிளப் மஹிந்திரா 1996இல் வந்தது. மஹிந்திராவின் வழமையான திட்டம் 25 ஆண்டு, ஆண்டுக்கு 7 நாள். பருவத்துக்கு நிறம் வைத்திருக்கிறார்கள்: ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம். ஊதாதான் விலை கூடியது. அறைக்கும் அளவு உண்டு: ஸ்டூடியோ, ஒரு படுக்கையறை, இரண்டு படுக்கையறை. உலகம் முழுவதும் இந்த வியாபாரம் ஏறக்குறைய இதே அளவுகளில்தான் நடக்கிறது.

விற்பனையாளர் கேட்கும் முதற் கேள்வி, வீட்டில் எத்தனை பேர் என்பது. நாமும் கணவன், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள் என்று நான்கு விரலை நீட்டுவோம். அப்படியானால் ஸ்டூடியோ போதும் என்பார், தாராளமாக வேண்டுமென்றால் ஒரு படுக்கையறை என்பார். பிழை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. தலையை எண்ணிக் கட்டில் தருகிறார்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு வேண்டியது கதவு.

எட்டு மணிக்குக் கைக்குழந்தை தூங்கிவிட்டது என்று வையுங்கள். ஸ்டூடியோ என்பது கட்டில், கதிரை, சின்ன அடுப்பு எல்லாம் ஒரே அறைக்குள். விளக்கை அணைத்தாக வேண்டும். வாப்பா வாசலுக்கு வெளியே நின்று போனில் கடைக் கணக்குக் கேட்பார். உம்மா குளியலறை வெளிச்சத்தில் பால் போத்தலைக் கழுவுவார். மூத்தது தூக்கம் வராமல் புரண்டு தம்பியை எழுப்பிவிடும். மூன்றாம் நாள் ஊருக்குத் திரும்பிவிடலாமா என்ற பேச்சு வரும். இதற்குக் கட்டில் போதாமை காரணமே இல்லை. சாத்துவதற்கு ஒரு கதவு இல்லை, அவ்வளவுதான்.

இதைப் பெரிய நிறுவனங்கள் அறியாமலில்லை. 1974இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆர்.சி.ஐ., ஒருவருடைய வாரத்தை இன்னொருவருடைய வாரத்தோடு மாற்றிக் கொடுக்கும் நிறுவனம். அதன் பட்டியல்களில் ஒவ்வோர் அறைக்கும் இரண்டு எண் இருக்கும். ஒன்று அதிகபட்சம் எத்தனை பேர் படுக்கலாம் என்பது. மற்றது எத்தனை பேர் தனிமையோடு படுக்கலாம் என்பது. ஒரு படுக்கையறை வீட்டுக்குப் பொதுவாக 4, 2 என்று இருக்கும். இரண்டு படுக்கையறைக்கு 6, 4. வித்தியாசமாக வரும் அந்த இரண்டு பேர், இருக்கும் அறையில் சோபாவை விரித்துப் படுப்பவர்கள். விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது முதல் எண். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்.

நம் குடும்பங்களுக்கு இது வெறும் வசதிப் பிரச்சினையும் அல்ல. உம்மாவும் வருவார், கல்யாணமாகாத தங்கச்சியும் வருவார், சில பயணங்களில் மச்சானும் மச்சியும் சேர்ந்துகொள்வார்கள். சோபாவில் மச்சான் படுத்திருக்கும்போது வீட்டுப் பெண்கள் தஹஜ்ஜுதுக்கோ பிள்ளைக்குப் பால் கலக்கவோ எப்படி எழுந்து நடமாடுவது? பத்து வயதானால் பிள்ளைகளின் படுக்கையைப் பிரிக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. அப்படியிருக்க, இரண்டு வயது மகனையும் நான்கு வயது மகளையும் வைத்துக்கொண்டு 25 ஆண்டுக்கு ஒரு படுக்கையறையை வாங்கினால், ஆறே ஆண்டில் அது நமக்குப் போதாத இடமாகிவிடும். மிச்சம் 19 ஆண்டுக்குப் பணம் கட்டி முடித்திருப்போம். இரண்டு வயதுப் பிள்ளையின் அளவில் ஒரு சட்டை தைத்துக் கொடுத்து, இதையே பிள்ளை கல்யாணம் முடிக்கும் வரை போடுங்கள் என்று விற்கும் புடைவைக் கடைக்காரர் நம்மில் யாராவது உண்டா?

சரி, முதலிலேயே பெரிதாக இரண்டு படுக்கையறை வாங்கிவிட்டால்? அதற்கும் கணக்குச் சரிவராது. வாங்கும் விலையோடு இது முடிவதில்லை. ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் உண்டு. போனாலும் கட்ட வேண்டும், போகாவிட்டாலும் கட்ட வேண்டும். அறை பெரிதானால் கட்டணமும் பெரிதாகும், ஆண்டுக்கு ஆண்டு கூடவும் செய்யும். அதுவும் வெளிநாட்டுப் பணத்தில். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபா. மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. ஒரு பேச்சுக்கு, ஆண்டுக் கட்டணம் 1,000 டொலர் என்று வைத்தால், இரண்டு இலட்சமாக இருந்த பாரம் சில மாதத்தில் மூன்று இலட்சத்து அறுபதினாயிரமாகிவிடும். இறக்குமதி வியாபாரம் செய்தவர்களுக்கு அந்த ஆண்டைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடைக்கு வரும் சரக்கில் அந்த அடியை விலையில் ஏற்றிச் சமாளிக்கலாம். விடுமுறையை யாரிடம் விற்று ஈடுகட்டுவது? தவணை முறையில் வாங்கினால் அதற்குள் வட்டி இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இருக்கும்.

பருவ நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமது முஸ்லிம் பாடசாலைகளின் நீண்ட விடுமுறை நோன்பை ஒட்டி வருவது. நோன்பு ஒவ்வோர் ஆண்டும் 10, 11 நாள் முன்னால் நகர்கிறது. 33 ஆண்டு அளவில் ஒரு முழுச் சுற்று. நமது கடைக்காரருக்குக் குடும்பத்தோடு மூச்சு விடக் கிடைப்பது, பெருநாள் வியாபாரம் முடிந்த அந்தச் சில நாட்கள்தான். 25 ஆண்டு ஒப்பந்தத்துக்குள் அந்த நாட்கள் எல்லாப் பருவங்களையும் தொட்டுவிடும். கோடை விடுமுறையையும் டிசம்பரையும் பார்த்துப் போட்ட நிறங்கள் நமது நாட்காட்டிக்குச் சரிவருவதில்லை. விலை கூடிய ஊதாவை வாங்கி, விலை குறைந்த நீலத்தில் போய் வரும் ஆண்டுகள் நிச்சயம் வரும்.

ஆகவே எனது அபிப்பிராயம் இதுதான். மூத்த பிள்ளைக்குப் பத்து வயது ஆகாத எந்த வியாபாரியும் எந்த அளவையும் நீண்ட காலத்துக்கு வாங்கிப் போட வேண்டாம். ஆண்டுக்கு ஆண்டு அளவைப் பார்த்து எடுங்கள். குழந்தை தொட்டிலில் இருக்கும் ஆண்டில் இரண்டு அறையும் ஒரு குசினியும் போதும். உம்மா வரும் ஆண்டில் தரை மட்டத்தில் மூன்றாவது அறை. இரண்டு குடும்பம் சேரும் ஆண்டில் முழு வீடு. நிற்க, டைம்ஷெயாரே முழுமையான ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. டிஸ்னி நிறுவனம் 1991இல் தொடங்கிய திட்டத்தில் புள்ளிகளைத்தான் விற்றார்கள். இந்த ஆண்டு சிறிய அறை, அடுத்த ஆண்டு பெரிய அறை என்று புள்ளியைச் செலவழிக்கலாம். அளவுச் சிக்கலுக்கு அது ஓரளவு மருந்து. இரண்டு படுக்கையறையை நடுக்கதவால் பூட்டி இரண்டு தனி வீடாக்கும் அமைப்பும் சில இடங்களில் உண்டு, கூட்டுக் குடும்பத்துக்கு அது நல்லது. ஆனால் விலையும் நாணயமும் மேலே சொன்னபடிதான்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் ஒப்பந்தத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். தொட்டில் குழந்தையை ஓர் ஆளாக எண்ணுகிறார்களா, பெரிய அறைக்கு மாற என்ன கட்ட வேண்டும், நீங்கள் போகாத ஆண்டில் வாரத்தை உறவினருக்குக் கொடுக்கலாமா, விலகுவதற்கு வழி இருக்கிறதா என்பன எழுத்தில் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் வாங்கும் உறவினருக்குச் சட்டத் துணை உண்டு. 2009இல் வந்த ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, கையெழுத்திட்ட பின் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். ஸ்பெயினில் 50 ஆண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஹோட்டல் மண்டபத்தில் சாப்பாட்டு மேசையில் கையெழுத்துப் போடும் நமக்கு அந்தப் பதினான்கு நாளைத் தரச் சொல்லி விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

இனி, அந்தத் தொண்டைமானாற்று வீட்டுக்கு வருவோம். வாடகை வீடென்றால் கவனமே வேண்டாம் என்றில்லை. படத்தில் அறைகளை மட்டும் பார்த்து முற்பணம் அனுப்பாதீர்கள். எந்த அறைக்குக் கதவு இருக்கிறது, எதற்குத் திரைச்சீலை மட்டும்தான் என்று கேளுங்கள். பழைய வீடுகளில் மலசலகூடம் முற்றத்துக்கு அப்பால் இருக்கலாம். வயதானவருக்கும் சின்னப் பிள்ளைக்கும் இரவில் அது பெரிய தூரம். சமையல் பாத்திரம் அங்கேயே இருக்கிறதா, நாம் கொண்டு போக வேண்டுமா என்பது ஹலால் பேணும் குடும்பத்துக்கு முக்கியமான கேள்வி. என் யோசனை, ஒரு சட்டியும் ஒரு தாச்சியும் வானில் போட்டுக்கொண்டு போவதுதான். ஆவணி மாதத்தில் செல்வச்சந்நிதி முருகன் கோயில் திருவிழா நடக்கும். அந்த நாட்களில் கோயிலைச் சுற்றியுள்ள மடங்களிலும் வீடுகளிலும் குழந்தை குட்டிகளோடு சனம் நிறைந்திருக்கும், வீதியிலும் இடமிராது. ஓகஸ்ட் விடுமுறையில் போகிறவர்கள் திருவிழாத் திகதியை முன்கூட்டியே விசாரித்து, அதற்கு முன்னோ பின்னோ போவது அவர்களுக்கும் வசதி, நமக்கும் வசதி.

இரண்டு விடயத்தைப் போன உடனேயே பாருங்கள். ஒன்று கிணறு. யாழ்ப்பாணத்து முற்றக் கிணறுகளில் கட்டு பதிவாக இருப்பவையும் உண்டு. மூன்று வயதுப் பிள்ளை கதிரையை இழுத்துப் போட்டு ஏறிவிடும். மூடியோ வலையோ இல்லாவிட்டால், முற்றத்துக்குப் போகும் கதவுக்கு மேல் தாழ்ப்பாள் இருக்கிற வீட்டை எடுங்கள். மற்றது தண்ணீர்க்கரை. நீரேரி கடலோடு சேரும் இடத்தில் உவர்நீர்த் தடுப்பணை இருக்கிறது. பார்க்க அமைதியாகத் தெரிந்தாலும், மதகு திறந்திருக்கும்போது இழுவை பலமாக இருக்கும். பிள்ளைகளைக் குளிக்க விடுவதானால் எந்த இடத்தில் விடலாம் என்று ஊரவர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு, பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள் நிற்கும்போது மட்டும் விடுங்கள்.