அரசியலுக்குப் புதியவர் குடியரசுத் தலைவர் ஆகக் கூடாதா?

திரௌபதி முர்முவின் பதவிக்காலம் 2027 ஜூலையில் முடிகிறது. அடுத்த குடியரசுத் தலைவர் யார் என்ற பேச்சு எழும்போதெல்லாம் கூடவே ஒரு வாதமும் எழுந்துவிடும். ஒரு வார்டு மெம்பராகக்கூட இருந்திராத, சட்டசபை நடைமுறை எதுவும் தெரியாத ஒருவரை நாட்டின் முதல் நாற்காலியில் உட்கார வைக்கலாமா என்பதுதான் அது. இதைச் சொல்பவர்கள் கட்சிக்காரர்கள் மட்டுமல்ல. நாகர்கோவில் முதல் டெல்லி வரை நன்றாக விவரம் தெரிந்தவர்களும் சொல்கிறார்கள். 2002-இல் அப்துல் கலாமின் பெயர் அறிவிக்கப்பட்டபோது இதே ஐயம் எழுப்பப்பட்டது. அவர் பதவியிலிருந்து இறங்கிய பிறகும், அவருடைய பிழைகளை எடுத்துக்காட்டி, 'அனுபவம் இல்லாதவரை வைத்தால் இப்படித்தான்' என்று முடிப்பவர்கள் உண்டு. அந்த முடிவு தவறானது. கலாமின் ஐந்தாண்டுகளை நிதானமாகப் படித்தால், அவை இந்த வாதத்துக்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். அரசியலமைப்பின் 58-ஆவது பிரிவு கேட்பவை சிலவே: இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், மக்களவை உறுப்பினராவதற்கான தகுதி வேண்டும், ஆதாயம் தரும் பதவியில் இருக்கக் கூடாது. வேட்புமனுவை 50 வாக்காளர்கள் முன்மொழிய வேண்டும், 50 பேர் வழிமொழிய வேண்டும். அரசியல் அனுபவம் என்ற நிபந்தனை எங்கும் இல்லை. அதை மறதியால் விட்டுவிட்டார்கள் என்று நினைக்கக் காரணமில்லை, ஏனென்றால் நம் குடியரசுத் தலைவர் ஆட்சி நடத்துபவர் அல்லர். பிரதமரும் அமைச்சரவையும் ஆள்கிறார்கள். அவர்களுடைய ஆலோசனைப்படி நடப்பவர் இவர். தன் முன் வரும் கோப்பைப் படிப்பது, புரியாததைக் கேட்பது, தவறென்று பட்டால் ஒருமுறை திருப்பி அனுப்புவது ஆகிய மூன்றும்தான் அவர் கையில் உள்ள கருவிகள். கட்சி அரசியல் ஒருவருக்குக் கற்றுத்தருவது தன் பக்கத்தை ஜெயிக்க வைப்பதை. இந்த நாற்காலி கேட்பது எந்தப் பக்கமும் சாயாத கண்ணை. ஒன்றில் தேர்ந்தவர் மற்றதிலும் தேர்ந்தவராகத்தான் இருப்பார் என்று எப்படிச் சொல்ல முடியும்?

'சரி, நிர்வாகமாவது தெரிய வேண்டாமா' என்பார்கள். கட்டாயம் தெரிய வேண்டும். ஆனால் அரசியலுக்குப் புதியவரெல்லாம் அரசாங்கத்துக்கும் புதியவர் என்று எண்ணிக்கொள்வதில்தான் சறுக்கல் இருக்கிறது. இதை நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவும் பக்கத்து மகேந்திரகிரியும் நமக்கு அந்நிய இடங்கள் அல்ல; இஸ்ரோ தலைவர்களாக உயர்ந்த கே. சிவனும் வி. நாராயணனும் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள். தும்பாவில் ஒரு மீனவர் குப்பத்துத் தேவாலயத்தையே வேலையிடமாக்கித் தொடங்கிய கூட்டத்தில் ஒருவர் கலாம். அவர் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி-3 ராக்கெட் 1979 ஆகஸ்ட் 10 அன்று ஏவப்பட்டு வங்கக் கடலில் விழுந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 18 அன்று அதே குழு ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. பிறகு பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் தலைமை, அதன் பின் கேபினட் அமைச்சருக்கு இணையான தகுதியில் முதன்மை அறிவியல் ஆலோசகர் பொறுப்பு என்று படிப்படியாக வந்தவர் அவர். ஆயிரக்கணக்கானோரை வேலை வாங்குவது, பல நூறு கோடி ரூபாய்க்குக் கணக்குச் சொல்வது, தோல்வியை ஊரறிய ஒப்புக்கொள்வது என எல்லாம் பழகியிருந்தார். தேர்தல் மேடை ஒன்றுதான் அவர் பார்க்காதது.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று பீகார். அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. 2005 மே 22 இரவு மத்திய அமைச்சரவை அவசரமாகக் கூடி, ஒருமுறைகூடக் கூடியிராத பீகார் சட்டசபையைக் கலைக்கப் பரிந்துரைத்தது. கலாம் அப்போது மாஸ்கோவில் இருந்தார். கோப்பு ஃபேக்ஸில் போனது, அவரும் கையெழுத்திட்டார். அந்தக் கலைப்பு அரசியலமைப்புக்கு விரோதமானது என்று உச்ச நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. பழுத்த அரசியல்வாதி ஒருவர் அங்கே இருந்திருந்தால் 'விடியட்டும், டெல்லிக்கு வந்து பார்க்கிறேன்' என்று நிறுத்தியிருப்பார் என்கிறார்கள். அந்தக் கோப்பு நடந்து வந்த வழியை ஒருமுறை பாருங்கள். கலைக்கச் சொல்லி அறிக்கை எழுதிய ஆளுநர் பூட்டா சிங், நாட்டின் உள்துறை அமைச்சராக இருந்தவர். அவர் அமைச்சரவையைத் தவறாக வழிநடத்தினார் என்பது உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அந்த அறிக்கையைச் சோதிக்காமல் ஏற்ற அமைச்சரவையில் பல பத்தாண்டுகள் அரசியலில் ஊறியவர்கள் நிறைந்திருந்தார்கள். அனுபவசாலிகள் ஒவ்வொருவராகத் தவறவிட்ட கோப்புதான் கடைசியில் புதியவரின் மேசைக்கு வந்தது. அவர் அதைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், அது அவருடைய பிழைதான். தீர்ப்பு வந்தபோது பதவி விலகவே எண்ணியதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆனால் பிழைக்குக் காரணம் அனுபவமின்மை என்று சொல்ல வேண்டுமானால், அனுபவம் உள்ளவர்கள் இதைச் செய்ததில்லை என்று காட்ட வேண்டும்.

அதைக் காட்ட முடியாது. 1975 ஜூன் 25 இரவு அன்றைய குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது முன் வைக்கப்பட்டது நெருக்கடி நிலைப் பிரகடனம். அஸ்ஸாமிலும் மத்தியிலும் அமைச்சராக இருந்து, கட்சியிலேயே வாழ்நாளைக் கழித்தவர் அவர். அமைச்சரவை அதுவரை கூடவே இல்லை. பிரதமரின் கடிதம் மட்டும் வந்தது. நள்ளிரவுக்கு முன் கையெழுத்தாகிவிட்டது, அமைச்சர்கள் மறுநாள் விடியற்காலையில்தான் விஷயத்தை அறிந்தார்கள். பீகார் கையெழுத்தின் விலை ஒரு சட்டசபை. இந்தக் கையெழுத்தின் விலை இருபத்தொரு மாதச் சுதந்திரம். அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தால்தான் நெருக்கடி நிலையை அறிவிக்கலாம் என்று 44-ஆவது திருத்தம் பிறகு விதித்தது. அனுபவத்தை நம்பி விட்டுவிட முடியாது, விதிதான் வேண்டும் என்று நாடாளுமன்றமே கண்டுகொண்டதன் அடையாளம் அது.

பீகாரைப் பேசுகிறவர்கள் 2006 மே மாதத்தை விட்டுவிடுகிறார்கள். ஆதாயம் தரும் பதவிகளில் இருந்த எம்.பி.க்களின் தகுதியிழப்பைத் தடுக்க, முன்தேதியிட்டு விலக்களிக்கும் மசோதாவை இரு அவைகளும் நிறைவேற்றியிருந்தன. எல்லா மாநிலங்களுக்கும் பொருந்துகிற, நியாயமான, தெளிவான அளவுகோல் வேண்டாமா என்று கேட்டு கலாம் அதைத் திருப்பி அனுப்பினார். மாற்றமில்லாமல் மீண்டும் வந்தபோது ஆகஸ்டில் கையெழுத்திட்டார். 'கடைசியில் பணிந்தார்தானே' என்பது நியாயமான குறையல்ல. இரண்டாம் முறை வந்தால் ஒப்புதல் தந்தாக வேண்டும் என்கிறது 111-ஆவது பிரிவு. விதி அவருக்குக் கொடுத்த ஒரே வாய்ப்பை, எந்தக் கட்சியின் மனத்தாங்கலையும் பார்க்காமல் அவர் பயன்படுத்தினார். எந்தக் கட்சியிலும் கடன்படாதவராக இருந்தது அதற்குத் துணைநின்றது என்றே நான் நினைக்கிறேன்.

மக்களிடம் ஓட்டுக் கேட்டு வராதவர் என்ற குறையும் சொல்லப்படுகிறது. குடியரசுத் தலைவராக இருந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் எந்த மக்களவைத் தொகுதியிலும் நின்றதில்லை. அதனால் அவர் பதவியில் எந்தக் குறையும் வரவில்லை. மாறாக, ஆந்திர முதல்வர், மத்திய அமைச்சர், மக்களவைத் தலைவர் என எல்லாப் படிகளையும் ஏறி வந்த நீலம் சஞ்சீவ ரெட்டி, 1979-இல் ஜெகஜீவன் ராமுக்குப் பெரும்பான்மையைக் காட்ட வாய்ப்புத் தராமலே மக்களவையைக் கலைத்தார். அந்த முடிவின் மீதான சர்ச்சை இன்றும் தீரவில்லை. நம் தொகுதி வரலாற்றிலும் ஒரு பாடம் இருக்கிறது. 1967-இல் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தவர் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். 1969 இடைத்தேர்தலில் அதே காமராஜரை நாகர்கோவில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. வாக்காளர்கள் ஆளைப் பார்த்து, நேரத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். புதியவர், பழையவர் என்ற சீட்டை ஒட்டி எடுப்பதில்லை.

இலங்கையைக் காட்டுவார்கள். தேர்தல் எதிலும் அதற்குமுன் நின்றிராத கோட்டாபய ராஜபக்ச 2019 நவம்பரில் ஜனாதிபதியானார். 2022 ஜூலையில் நாட்டைவிட்டே ஓடினார். வரிக் குறைப்பு, ரசாயன உரத் தடை என்று அவர் எடுத்த முடிவுகள் மக்களைப் பட்டினியின் விளிம்புக்குத் தள்ளியது உண்மை. ஆனால் அங்கே ஜனாதிபதிதான் ஆட்சி நடத்துபவர். அந்த வேலைக்கு வேண்டிய தகுதியை இந்த வேலைக்குக் கேட்க முடியாது. தவிர, அவர் தனியாகவும் இல்லை. இருமுறை ஜனாதிபதியாக இருந்த அண்ணன் மஹிந்த பிரதமர் நாற்காலியில் இருந்தார். அரசியலில் பழம் தின்று கொட்டை போட்ட தம்பி பசில் நிதியமைச்சரானார். 2020-இல் 20-ஆவது திருத்தம் கொண்டுவந்து ஜனாதிபதிக்கான கடிவாளங்களைக் கழற்றியபோது அனுபவசாலிகள் கைதூக்கி ஆதரித்தார்கள்.

ஒரு மறுப்பை மட்டும் நான் முழுதாக ஏற்கிறேன். ஆளுங்கட்சிகளுக்குப் புதியவரைப் பிடிப்பது பெரும்பாலும் சொல்பேச்சு கேட்பார் என்ற நம்பிக்கையில்தான். 2002-இல் குஜராத் கலவரத்தின் கறை காயாத நேரத்தில் கலாமின் பெயர் வந்ததில் அரசியல் கணக்கு இருந்தது. ஆனால் அந்தக் கணக்குக் கட்சியினுடையது, வேட்பாளரின் தகுதிக் குறைவு அல்ல. அந்தத் தேர்தலில் இடதுசாரிகள் கேப்டன் லட்சுமி சேகலை நிறுத்தினார்கள். கலாமுக்கு 9,22,884 வாக்கு மதிப்பும் லட்சுமி சேகலுக்கு 1,07,366-ம் கிடைத்தன. அங்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, நெருக்கடி நேரத்தில் யார் கோப்பைத் திருப்பி அனுப்பும் துணிவுள்ளவர் என்பது. அதை இரு தரப்பும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்கும் இடத்தில் நம் பிரதிநிதிகளும் இருக்கிறார்கள். 1971 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழக எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு மதிப்பு 176. 2022 தேர்தலில் எம்.பி. ஒருவருக்கு 700. குமரி மாவட்டத்தின் ஆறு தொகுதிகளையும் ஒரு மக்களவைத் தொகுதியையும் சேர்த்தால் 1,756. வாக்குப்பதிவு ரகசியமானது, எந்தக் கட்சிக் கொறடாவும் இதில் உத்தரவு போட முடியாது. வேட்பாளர் எத்தனை பதவி பார்த்தவர் என்று கேட்பதோடு நிறுத்தாமல், பீகார் கோப்பு போன்ற ஒன்று வந்தால் என்ன செய்வீர்கள் என்று இந்த ஏழு பேரும் அவரிடம் கேட்க வேண்டும். அதைக் கேட்கச் சொல்லும் உரிமை அவர்களுக்கு ஓட்டுப் போட்ட நமக்கு இருக்கிறது.