ஒயினா, நீர்மோரா?



போன ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியிலிருந்து என் அண்ணன் மகள் வந்திருந்தாள். கைக்குழந்தைக்கு ஐந்து மாதம். பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு அடுக்களைக்கு வந்தவள், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அத்தை, சாப்பாட்டோட ஒரு கிளாஸ் ஒயின் குடிச்சா இதயத்துக்கு நல்லதுன்னு அவர் எங்கயோ படிச்சிருக்கார். மலிவா ஒரு பாட்டில் வாங்கியும் வெச்சிட்டார். நம்ம குழம்புக்கு அது ஒத்துப்போகுமா? நானும் கொஞ்சம் குடிக்கலாமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'ஒயின் ஷாப்' பலகையைக் கண்டாலே தலைகுனிந்து தெருவின் அந்தப் பக்கம் போன தலைமுறை நான். இருந்தாலும் பெண் மனசு விட்டுக் கேட்கிறாள். "சீச்சீ" என்று வாயை அடைப்பது சுலபம். அப்புறம் அவள் நம்மிடம் எதையுமே கேட்க மாட்டாள்.

யோசித்துப் பார்த்தால், இந்தக் கடற்கரைக்கு ஒயின் புதுசும் அல்ல. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் வீலர் என்ற ஆராய்ச்சியாளர் தோண்டியபோது, ரோமாபுரி நாட்டிலிருந்து கப்பலில் வந்த இரட்டைக் கைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. ஒயினும் எண்ணெயும் வந்த சாடிகள் அவை. சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் என்று ஓர் ஊர் வருகிறது. அது எங்கள் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் பலர் சொல்வார்கள். அங்கே வருகிற பாணர்களுக்குச் சுட்ட குழல் மீனும், நுளையர் பெண் வடிகட்டிய பழைய கள்ளும் விருந்து! மீனுக்கு எந்தப் பானம் பொருத்தம் என்கிற கேள்வியை எங்கள் ஊர்க்காரர்கள் எப்போதோ கேட்டுவிட்டார்கள்.

சரி, என் பதிலுக்கு வருகிறேன். சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னதுண்டு. ஆனால் 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், மதுவில் 'இந்த அளவுவரை ஆபத்தில்லை' என்று ஓர் அளவே கிடையாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒயினில் நல்லது என்று சொல்லப்பட்ட சத்து திராட்சையின் தோலில்தான் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையைத் தோலோடு மென்று தின்றால் போயிற்று. பால் கொடுக்கிற தாயின் ரத்தத்தில் எவ்வளவு மது ஏறுகிறதோ, ஏறக்குறைய அதே அளவு பாலிலும் ஏறிவிடும். "நீ ஒரு கிளாஸ் குடிச்சா, தூளியில இருக்கறவனும் கூடக் குடிக்கிறான்னு வெச்சுக்கோ" என்றேன். அவள் முகம் மாறிவிட்டது.

'மலிவு' என்ற சொல்லைக் கேட்டாலும் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. 2023 மே மாதம், எங்கள் மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் போய்விட்டார்கள். அதில் இருந்தது மெத்தனால், தொழிற்சாலைச் சரக்கு. உடம்புக்குள் போனதும் அது அமிலமாக மாறி, முதலில் கண்பார்வையைத்தான் தாக்கும். அன்றைக்குத் தெருவில் கேட்ட அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. உங்கள் தெருவில் யாராவது குடித்த மறுநாள், "கண்ணு மங்குது, வயித்த வலிக்குது" என்றால், 'போதை தெளியட்டும்' என்று படுக்க வைக்காதீர்கள். அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடியுங்கள்.

அப்படியானால் தினச் சாப்பாட்டுக்குத் துணையாக என்னதான் குடிப்பது? மாப்பிள்ளை கேட்ட கேள்வி நியாயமானது. நான் கொடுக்கிற பட்டியல்தான் வேறு.

காலையில் நீராகாரம். செலவு என்று பார்த்தால் பூஜ்யம். இரவு மிஞ்சிய சோறு ஆறியதும், மண் சட்டியில் காய்ச்சி ஆறிய தண்ணீர் விட்டு மூடி வையுங்கள். கோடையில் எட்டு மணி நேரம் போதும். அதற்குமேல் விட்டால் புளிப்பு எல்லை மீறும், வாடையும் வரும். அப்படி வந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். நல்லதாக இருந்தால் தெளிந்த நீரில் இரண்டு கல் உப்பும் நறுக்கிய சின்ன வெங்காயமும் போட்டு, தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடு. சைவ வீடானால் மோர் மிளகாய்.

மத்தியானம் சாம்பார், காரக்குழம்பு என்றால் நீர்மோர்தான் ராஜா. ஒரு பங்கு தயிருக்கு நான்கு பங்கு தண்ணீர். மத்தால் நன்றாகக் கடைந்து, இஞ்சி, கறிவேப்பிலை, ஒரு துளி பெருங்காயம். காரம் நாக்கில் எரியும்போது தண்ணீர் அதைப் பரப்பத்தான் செய்யும், மோர் அடக்கும். மீன் குழம்பு வைத்த அன்று எங்கள் மாமியார் மோரை வாசல்படி தாண்ட விட மாட்டார். அதற்கு வைத்திய ரீதியாகக் காரணம் எதுவும் நான் பார்த்ததில்லை; ஆனாலும் அவர் காலத்துக்குப் பிறகும் அந்த வழக்கத்தை நான் மாற்றவில்லை. மீனன்றைக்கு டம்ளரில் மிளகு ரசம். குடித்துப் பாருங்கள், மீன் வாடையை அப்படியே துடைத்துவிடும்.

முருங்கைக்கீரை சமைத்த அன்று எலுமிச்சைச் சாறு. கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு பிடித்துக்கொள்ளப் புளிப்பு கை கொடுக்கும். பிரசவித்த பெண்களுக்கு இது மிகவும் முக்கியம். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த இரும்பை டீ தடுத்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்களேன், யார் வேண்டாம் என்றது?

தை, மாசி தொடங்கிக் கோடை முழுக்க எங்கள் பக்கம் பதநீர் கிடைக்கும். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர். தடவாமல் விட்டால் சில மணி நேரத்தில் கள். அதே மரம், அதே பாளை! விடிகாலையில் இறக்கியதை வெயில் ஏறுமுன் குடித்துவிட வேண்டும். இனிப்பு அதிகம், சர்க்கரை வியாதிக்காரர்கள் ஒதுங்கிக்கொள்ளலாம்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. உப்பளத்து ஊர் என்பதால், வாரிய உப்பை அப்படியே சட்டியில் போட்டு வைக்கிற வீடுகள் இங்கே உண்டு. அதில் அயோடின் சேர்த்திருக்காது. பிள்ளைத்தாய்ச்சிக்கும் பால் கொடுப்பவளுக்கும் அயோடின் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கும். ஊறுகாய்க்கு வேண்டுமானால் கல்லுப்பு. தினச் சமையலுக்கும் மோருக்கும் அயோடின் உப்பையே பயன்படுத்துங்கள். இரத்தக் கொதிப்பு இருப்பவர்களுக்கு மோரில் உப்பே வேண்டாம்.

இதையெல்லாம் நான் வக்கணையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் தெருவில் உப்பளத்துக்குப் போகிற ஒரு பெண் இருக்கிறாள். விடியுமுன் போனால், கூடையில் உப்புச் சுமந்துவிட்டு, வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் வீடு. போன கோடையில் குளிர்க் காய்ச்சலும் நீர்க்கடுப்புமாகப் படுத்துவிட்டாள். நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறே?" என்று டாக்டரம்மா கேட்டதற்கு, அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள்: "குடிச்சா போகணுமில்லக்கா? அங்க எங்க போறது? ஒரு மறைப்பு உண்டா, ஒரு பொதரு உண்டா? பாத்தி பாத்தியா வெட்ட வெளி. அதான் வாயக் கட்டிக்கிறது."

எத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருந்திருக்கிறேன்! மோர் கடைந்து கொடுத்திருக்கிறேனே தவிர, அதை ஏன் அவள் சாயங்காலம் வந்துதான் குடிக்கிறாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்படி நீரை அடக்கி அடக்கியே நீர்ப்பாதையில் கிருமி தங்கிவிடும். வருஷக்கணக்கில் போனால் சிறுநீரகத்துக்கும் கேடு என்று டாக்டரம்மா சொன்னார்.

இப்போது அவளும் இன்னும் மூன்று பேரும் பழைய புடவை ஒன்றை எடுத்துப் போகிறார்கள். இரண்டு பேர் விரித்துப் பிடிக்க, ஒருத்தி போய் வருகிறாள். ஒழுங்காக ஒரு கழிப்பிடம் கட்டிக் கொடுத்தால் இந்தக் கூத்து எதற்கு என்று எனக்கு ஆத்திரம்தான். ஆனால் அது வருகிறவரை உடம்பு காத்திருக்காதே! தூக்கில் ஒரு லிட்டர் நீர்மோர், கூடவே தண்ணீர் தனியாக. மணிக்கு ஒரு தடவை, தாகம் எடுக்காவிட்டாலும் குடிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புகிறேன். "அக்கா, இப்பல்லாம் தலை சுத்தறதில்ல" என்கிறாள்.

அண்ணன் மகள் இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "பிள்ளைக்கும் வெயிலுக்கு ரெண்டு ஸ்பூன் மோர் கொடுக்கலாமா அத்தை?" என்றாள். கூடவே கூடாது! ஆறு மாதம் முடிகிறவரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம். அவனுக்குச் சேர்த்து நீ குடி என்று ஒரு செம்பு நீர்மோரை அவள் கையில் கொடுத்தேன்.

அந்த ஒயின் பாட்டிலை என்ன செய்தாள் என்று அடுத்த தடவை வரும்போது கேட்டுச் சொல்கிறேன்.