மூன்றடியில் எறியாத பிள்ளைகள்



கோடைப் பயிற்சி முகாம்களில் பிள்ளைகளைச் சேர்க்கும் நேரம் இது. ஒரே இடத்தில் விழும் பந்தை ஒரே மாதிரி நூறு தடவை அடித்தால்தான் ஆட்டம் கைவரும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி நினைக்கும் பெற்றோரோடு கொஞ்சம் பேச வேண்டும்.

கெர், பூத் என்ற இரு ஆய்வாளர்கள் 1978இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. எட்டு வயதுப் பிள்ளைகள் சிறு துணிப்பையைக் குறி பார்த்து எறிய வேண்டும். ஒரு குழு எப்போதும் மூன்றடி தூரத்துக்கே எறிந்து பழகியது. மற்றக் குழு இரண்டடிக்கும் நான்கடிக்கும் எறிந்தது. மூன்றடிக்கு ஒருமுறைகூட எறியவில்லை. கடைசியில் எல்லோரையும் மூன்றடிக்கு எறியச் சொன்னார்கள். துல்லியமாக எறிந்தது, அந்தத் தூரத்தில் பழகாத பிள்ளைகள்தான்! தூரம் மாறும்போதெல்லாம் எவ்வளவு வேகம் வேண்டும் என்று புதிதாகக் கணக்குப் போட வேண்டியிருந்தது. அந்தக் கணக்குதான் கையில் தங்கியது.

ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் டான் பிராட்மேன் சிறுவயதில் பௌரல் ஊரில் தன் வீட்டுக்குப் பின்னால் ஆடியதை நினைத்துப் பாருங்கள். மட்டைக்குப் பதில் ஒரு ஸ்டம்ப். பந்து, கோல்ஃப் பந்து. தண்ணீர்த் தொட்டியைத் தாங்கிய வளைந்த செங்கல் சுவரில் அதை எறிவார். அது எந்தக் கோணத்தில் திரும்பும் என்று சொல்லவே முடியாது. திரும்பிய வேகத்தில் அந்த ஒல்லிக் குச்சியால் அடிக்க வேண்டும். யாரும் சொல்லிக்கொடுக்காத பயிற்சி அது. பின்னாளில் அவருடைய டெஸ்ட் சராசரி 99.94. அந்தச் சுவர் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே மாதிரி வரும் பந்துகளால் அந்தக் கண்ணும் காலும் வாய்த்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

என்றாலும், மட்டையைப் பிடிக்கவே தெரியாத குழந்தை முதலில் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்துதான் ஆக வேண்டும். பிடி வந்ததும் மாற்றுங்கள்: ஒரு பந்து குட்டையாக, அடுத்தது நீளமாக, அதற்கடுத்தது மெதுவாக. அன்றைய பயிற்சியில் பிள்ளை அதிகம் தவறவிடும். பார்க்க நமக்கே சங்கடமாக இருக்கும். பலன் சில வாரம் கழித்து, ஆட்டத்தில்தான் தெரியும்.

அதனால், வேலி ஓரம் நின்று பார்க்கும் அப்பா அம்மாக்களே, பயிற்சியாளர் பந்தை மாற்றி மாற்றிப் போட்டால் தடுக்காதீர்கள். பிள்ளை தவறவிடும் பந்துகளை எண்ணவும் வேண்டாம்.


ஆசிரியர்