மீனுக்கும் உண்டு காவல்காரன்

பாசாரில் திலாப்பியா வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. சிவந்திருந்தால் புதிய மீன். நாம் விரலால் தொடும் அந்தச் செவுள்தான், மீன் கிருமியைச் சந்திக்கும் முதல் வாசல்களில் ஒன்று. நீரில் கிருமிக்கா பஞ்சம்?

வருகிற கிருமியை மீன் எப்படி அடையாளம் காண்கிறது? ஒவ்வொன்றையும் பெயர் கேட்டு விசாரிக்க நேரமில்லை. பாக்டீரியாக்களின் மேலுறையிலும் வாலிலும் பொதுவாகக் காணப்படும் சில மூலக்கூறுகளை அதன் உயிரணுக்களில் உள்ள 'டோல்' உணர்விகள் பிடித்துக்கொள்கின்றன. ('டோல்' என்றால் ஜெர்மன் மொழியில் 'அபாரம்'!) நம் உடம்பிலும் இவை உண்டு. இந்தத் துறையில் வழிதிறந்த ஜூல்ஸ் ஹாஃப்மனும் புரூஸ் பாய்ட்லரும் 2011இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஆனால் மீனின் கணக்கு வேறு. சில பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு நஞ்சு இருக்கிறது. அது நம் இரத்தத்தில் துளி கலந்தாலே காய்ச்சல். கூடினால் உயிருக்கே ஆபத்து. மீன்களோ அதைப் பெருமளவு தாங்குகின்றன. அதை நமக்குக் காட்டிக்கொடுக்கும் நான்காம் எண் டோல் உணர்வி பல மீன்களில் கிடையவே கிடையாது. மாறாக, பாக்டீரியாவின் வாலை உணரும் ஐந்தாம் எண் உணர்வி, சில மீன்களில் உயிரணுவை விட்டு வெளியே வந்தும் ரோந்து போகிறது.

திலாப்பியா வளர்ப்போரை அழவைக்கும் 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே' கிருமிக்கு வாலும் இல்லை, அந்த நஞ்சும் இல்லை. போதாததற்கு, விலங்குகளின் சொந்த உயிரணுக்களில் உள்ள சியாலிக் அமிலத்தையே போர்வையில் பூசிக்கொள்கிறது. வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு நுழையும் திருடன்! நோய் கண்ட மீன் கண் பிதுங்கி, சுழன்று சுழன்று நீந்திச் சாகும். வெயிலில் நீர் சூடானால் சாவு கூடும். 2015இல் சிங்கப்பூரில் நன்னீர் மீனைப் பச்சையாக உண்ட பலரைப் படுக்கையில் தள்ளியதும் இதே கிருமியின் ஒரு வகைதான். குழம்பில் கொதித்த மீனுக்குப் பயப்பட வேண்டாம்.

கோலாலம்பூருக்கு அருகில், செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: கொல்லப்பட்ட கிருமியைத் தீவனத்திலேயே கலந்து தருவது. ஆயிரக்கணக்கான மீன்களைப் பிடித்து ஊசி போடுவது யாரால் முடியும்? தீவனத்தோடு போகும் செத்த கிருமி, குடலில் உள்ள காவலர்களுக்குத் திருடனின் முகத்தைக் காட்டிக்கொடுக்கிறது. உடம்பு எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. ஒருமுறை கொடுத்தால் போதாது. சில வாரங்களில் மீன் மறந்துவிடும், மறுபடி ஊட்ட வேண்டும்.